மூலை மடங்காமல் போய்ச் சேர

தபால் பைக்குள் எந்தக் கவரும் தனியாகப் பயணம் செய்வதில்லை. அதற்கு மேலே கல்யாணப் பத்திரிகைக் கட்டு கிடக்கும். கீழே யாரோ மகளுக்கு அனுப்பிய மருந்துப் புட்டி. பக்கத்தில் வங்கியிலிருந்து போகும் செக் புத்தகங்கள். பையைக் கட்டி வண்டியில் ஏற்றி, இறக்கி, நடைமேடையில் அடுக்கி, மறுபடி இன்னொரு வண்டியில் ஏற்றும்போது இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரியும். ரயில்வே அஞ்சல் பிரிவில், ஆர்.எம்.எஸ். என்று நாங்கள் சொல்வோம், திருச்சி ‘டி’ டிவிஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சார்ட்டிங் ஹாலில் பையைக் கவிழ்க்கும்போது எழும் சத்தத்தைப் பல வருடம் ராத்திரி ராத்திரியாகக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் என் பேத்தி ஓர் அட்டையை வெள்ளைக் கவரில் போட்டுக் கொல்கத்தாவுக்கு அனுப்பப் போகிறேன் என்றபோது, கொஞ்சம் இரும்மா என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அது போக்கிமான் அட்டை. ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பெங்களூரு, கொச்சி, கொல்கத்தா என்று அவளைப் போன்ற பிள்ளைகளோடு அட்டைகளை மாற்றிக்கொள்கிறாள், சில சமயம் விற்கிறாள், வாங்குகிறாள். அவளுடைய அப்பா அந்த வயதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு விளையாடியவன். ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர், யோகோசூனா எல்லாரும் ஒரு கட்டாக ரப்பர் பேண்டுக்குள் இருந்தார்கள். அந்தக் கட்டு இன்னும் பரணில் இருக்கிறது. ரப்பர் வெயிலில் இளகி மேல் அட்டையில் ஒட்டிப்போய்விட்டது. கட்டிலிருந்த அத்தனை அட்டைகளின் இரண்டு விளிம்பிலும் ரப்பர் வெட்டிய பள்ளம் தெரிகிறது. அன்றைக்கு அதில் யாருக்கும் கவலை இல்லை, அது விளையாடத்தான் வாங்கியது. இப்போது இவர்கள் கையில் இருக்கும் அட்டையோ வேறு கணக்கில் ஓடுகிறது.

அந்தக் கணக்கு என்ன என்று தெரிந்தால்தான் பேக்கிங்கில் ஏன் இவ்வளவு கவனம் என்று புரியும். போக்கிமான் அட்டை 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். எடை 2 கிராம்கூட வராது. வாங்குகிறவர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நாலு மூலையைப் பார்க்கிறார்கள், பிறகு விளிம்பு, பிறகு முகப்பில் கீறல் உண்டா என்று சாய்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பி.எஸ்.ஏ. என்று ஒரு நிறுவனம், 1991இல் தொடங்கியது, அட்டையைப் பரிசோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் கனமான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகிறது. இதே வேலையைச் செய்யும் நிறுவனங்கள் வேறு சிலவும் உண்டு. 2022 ஆகஸ்டில் மிக்கி மான்ட்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952ஆம் வருடத்து டாப்ஸ் கம்பெனி அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது 9.5 மதிப்பெண் வாங்கிய அட்டை. அதே வருடம் அச்சான அதே மான்ட்டில், மூலை மழுங்கி, நடுவில் மடிப்போடு இருந்தால் அந்தத் தொகையில் மிகச் சிறிய பங்குக்குத்தான் போகும். அச்சிட்ட படம் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க மூலையிலும் விளிம்பிலும் இருக்கிறது.

போக்கிமான் அட்டையில் இது இன்னும் கடுமை. அதன் பின்பக்கம் கருநீலம். விளிம்பில் மணலளவு மேல்தாள் உதிர்ந்தாலும் உள்ளேயுள்ள வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். பேத்தி இதை ‘வொயிட்டனிங்’ என்கிறாள். பெருக்குக்கண்ணாடி வைத்து எனக்குக் காட்டினாள். வெறும் கண்ணுக்கு எதுவுமே தெரியாத ஒரு விளிம்பில், கண்ணாடிக்குக் கீழே நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நின்றன. தபாலில் வந்தபோது கவருக்குள் அங்குமிங்கும் சறுக்கி, ஒவ்வொரு தடவை இடித்தபோதும் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. அட்டை கிழியவில்லை, மடங்கவில்லை, நனையவில்லை. ஆட்டத்தில் மட்டுமே போய்விட்டது அதன் மதிப்பு.

அட்டைகளின் பூர்வீகத்தைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் மிகவும் பிடித்துப்போனது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் விற்கப்பட்டது. சட்டைப் பையில் நசுங்காமல் இருக்க நடுவில் ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெறுமனே கிடந்த அந்த அட்டையில் 1880களில் ஆலன் அண்ட் ஜின்ட்டர் போன்ற கம்பெனிகள் நடிகைகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்று படம் அச்சிட்டன. ஜனங்கள் சிகரெட்டைப் புகைத்துவிட்டு அட்டையைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இன்னொரு பொருளைக் காப்பாற்ற உள்ளே வைத்த பேக்கிங் சாமானாகத்தான் இந்த அட்டை பிறந்திருக்கிறது. பிறகு பபுள்கம்மோடு வந்தது. டாப்ஸ் கம்பெனி 1991 வரை பாக்கெட்டுக்குள் கம்மையும் வைத்தது, அந்தக் கம் பட்ட அட்டையில் மெழுகு போன்ற கறை படிந்துவிடும் என்று சேகரிப்பவர்கள் இன்றும் குறைப்பட்டுக்கொள்வார்கள். போக்கிமான் அட்டை 1996இல் ஜப்பானில் வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் உறை ‘பென்னி ஸ்லீவ்’. மெல்லிய, ஒரு பக்கம் திறந்த பிளாஸ்டிக் உறை. இது பாலிப்ரொப்பிலீனில் செய்ததாக இருக்க வேண்டும். பழைய ஆல்பங்களில் மெத்தென்று இருக்குமே, அந்த மென்மையான பி.வி.சி. தாள் கூடவே கூடாது. அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளாக ஆகக் கசிந்து வந்து அச்சில் ஒட்டும். ஆல்பத்தைத் திறந்ததும் ஒரு புளித்த வாடையும் விரலில் பிசுபிசுப்பும் வந்தால் அதுதான். தபால்தலை சேகரிப்பவர்களுக்கு இது ரொம்ப நாளாகத் தெரிந்த சங்கதி.

ஸ்லீவுக்குள் அட்டையைப் போடுவதிலேயே மூலை போவதுண்டு. கொல்கத்தா அட்டையைப் பேத்தி போட்ட விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகுதான் அட்டையைத் தொட்டாள். விளிம்பை மட்டும் பிடித்தாள், முகப்பில் விரல் படவில்லை. ஸ்லீவின் வாயோரத்தில் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் சாய்வாக முன்னமே வெட்டி வைத்திருந்தாள். வாய் அகலமாகத் திறப்பதற்கு அந்த வெட்டு. அட்டையின் கீழ் மூலை ஒன்றை வெட்டிய பக்கமாகச் சாய்த்து உள்ளே விட்டு, அடுத்த மூலையும் வாய்க்குள் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு நேராக்கி இறக்கினாள். நேராகக் கொண்டுபோய்த் தள்ளினால் மூலை ஸ்லீவின் உதட்டில் முட்டி மடங்கும். அந்த முட்டு கைக்குத் தெரியாது, கண்ணாடிக்குத்தான் தெரியும்.

அடுத்தது ‘டாப்லோடர்’. மூன்றுக்கு நாலு அங்குலம், மேலே மட்டும் திறந்திருக்கும் விறைப்பான பிளாஸ்டிக் கூடு. இதில் அளவு பார்த்து வாங்க வேண்டும். 35 பாயிண்ட் என்று போட்டிருப்பது சாதாரண அட்டைக்கு. பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சில கிரிக்கெட், பேஸ்பால் அட்டைகளில் வீரர் போட்டிருந்த சட்டையின் துணுக்கைப் பதித்திருப்பார்கள், அது தடிமன். அதற்கு 130 பாயிண்ட் கூடு வரைகூடத் தேவைப்படும். தடித்த அட்டையை ஒல்லிக் கூட்டில் திணித்தால் விளிம்பு தேயும். ஒல்லி அட்டையைத் தடித்த கூட்டில் போட்டால் உள்ளே ஆடும். ஸ்லீவ் இல்லாமல் அட்டையை நேரே டாப்லோடரில் போடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். உள்ளே போகும்போதும் வரும்போதும் விறைத்த பிளாஸ்டிக் முகப்பைக் கீறும், பளபளக்கும் ஹோலோ அட்டையில் அந்தக் கீறல் விளக்கு வெளிச்சத்தில் கத்தியாகத் தெரியும்.

“தாத்தா, எவ்வளவு டைட்டா இருக்கணும்?” என்று கேட்டாள்.

“அசையக் கூடாதும்மா, அமுங்கவும் கூடாது” என்றேன். நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். இனி சொல்லப்போகும் டேப்பும் அட்டையும் கவரும் அந்த இரண்டையும் ஒரே சமயத்தில் சாதிக்கத்தான்.

டாப்லோடரின் மேல்வாய் திறந்திருப்பதால் தலைகீழானால் அட்டை நழுவும். தபால் பைக்குள் எல்லாம் தலைகீழாகும். எனவே வாயை அடைக்க வேண்டும். எதைக் கொண்டு என்பதில்தான் ஊரே தவறுகிறது. செல்லோ டேப் போட்டால் பிரிக்கும்போது பசை டாப்லோடரில் தங்கும், ஸ்லீவில் பட்டால் ஸ்லீவோடு அட்டையும் சேர்ந்து இழுபடும். பிரவுன் டேப் இன்னும் மோசம். இந்த இடத்துக்கு வேண்டியது பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப். அமெரிக்காவில் 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் இதைக் கண்டுபிடித்தார். காருக்கு இரண்டு நிறம் அடிக்கும்போது எல்லைக்கோட்டில் ஒட்டவும் வேண்டும், உரிக்கும்போது பெயின்ட் பெயரவும் கூடாது என்பதற்காகச் செய்த டேப் அது. அட்டைக்கும் அதே தேவைதான். நீல நிறத்தில் வரும் பெயின்டர்ஸ் டேப் கிடைத்தால் இன்னும் நல்லது, பல நாள் கழித்து உரித்தாலும் பசை தங்காது. நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் மஞ்சள் வெள்ளை டேப்பைக் கோடையில் மாதக்கணக்கில் விட்டால் பசை இறுகிவிடும், தபால் போகும் சில நாட்களுக்குப் பழுதில்லை.

டேப்பை ஒட்டுவதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. டேப்பின் நடுப்பகுதியில், டாப்லோடரின் வாய்க்கு நேராக வரும் இடத்தில், ஒரு காகிதத் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்லீவ் நழுவி மேலே வந்தாலும் பசையில் படாது, காகிதத்தில்தான் படும். டேப்பின் ஒரு நுனியை உள்பக்கமாக அரை சென்டிமீட்டர் மடித்து விடுங்கள். பிரிப்பவர் நகத்தால் சுரண்ட வேண்டாம், அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தால் போதும். பணம் கூடப் போட முடிந்தவர்கள் ‘டீம் பேக்’ என்ற ஒட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் பை வாங்கி டாப்லோடரை அதில் போட்டு மூடிவிடுகிறார்கள். டேப் வேலையே இல்லை, தண்ணீரும் புகாது. எனக்கு அதுதான் பிடித்த வழி.

இந்த மடித்த நுனிக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், போன வருடம் வீட்டுக்கு வந்த ஒரு பார்சலைச் சொல்ல வேண்டும். அனுப்பியவர் நல்ல மனசோடு, அட்டைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று, டாப்லோடரை முன்னும் பின்னும் பிரவுன் டேப்பால் சுற்றோ சுற்று என்று சுற்றியிருந்தார். பிளாஸ்டிக் கண்ணுக்கே தெரியவில்லை. பேத்தி கத்தரிக்கோல் நுனியை நுழைக்க இடம் தேடினாள், கிடைக்கவில்லை. பிளேடால் மேலோட்டமாகக் கீறி, ஹேர் டிரையரைக் காட்டிப் பசையை இளக்கி, ஒவ்வொரு அடுக்காக உரித்தாள். நடுவில் பிளேடு வழுக்கி டாப்லோடரின் வாயோரத்தைத் தாண்டி ஸ்லீவைக் கிழித்து, அட்டையின் மேல் விளிம்புக்கு ஒரு நூலிழை தூரத்தில் நின்றது. அவள் மூச்சையே விடவில்லை. கடைசியில் வெளியே வந்த அட்டை லேசாக வளைந்திருந்தது. இறுக்கிச் சுற்றிய டேப் டாப்லோடரையே வில்லாக வளைத்து, நாலு நாள் பயணத்தில் அட்டையும் அந்த வளைவுக்குப் பழகிவிட்டது. ஆயிரம் மைல் பத்திரமாக வந்த அட்டைக்கு ஆபத்து எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் வந்தது. பார்சலைப் பிரிக்கப் போகிறவர் ஆவலில் இருப்பார், கையில் கத்தி இருக்கும், அவசரம் இருக்கும். கட்டும்போதே அந்தக் கையையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு உறுதியாயிற்று.

இனி அட்டைக்கு வெளியே. பழைய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து விளிம்பை வெட்டிப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் ஓடும். அந்த நெளிவு ஓடும் திசையில் பெட்டி எளிதில் மடியும், அதற்குக் குறுக்கே மடிக்கப் பலம் வேண்டும். ஆகவே டாப்லோடருக்கு முன்னும் பின்னும் வைக்க இரண்டு துண்டு வெட்டும்போது, ஒன்றில் நெளிவு மேலிருந்து கீழாக ஓடட்டும், மற்றதில் இடமிருந்து வலமாக ஓடட்டும். எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரு துண்டு எதிர்த்து நிற்கும். ஒரே திசையில் வைத்த இரண்டு துண்டு சேர்ந்தே மடங்கிவிடும். பலர் இரண்டு அட்டை வைத்துவிட்டு இதைக் கவனிப்பதே இல்லை.

துண்டுகள் டாப்லோடரைவிட நாலு பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். பையிலிருந்து கவர் கீழே விழும்போது பெரும்பாலும் மூலையில்தான் விழும். அந்த இரண்டு சென்டிமீட்டர் அட்டை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், டாப்லோடரின் மூலை தரையைத் தொடாது. டாப்லோடரை ஒரு துண்டின் நடுவில் மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, மற்ற துண்டை மேலே வைத்து, நாலு விளிம்பையும் அதேபோல நுனி மடித்த டேப்பால் ஒட்டிவிட்டால் ஒரே பலகை மாதிரி ஆகிவிடும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது.

வெளிக்கவருக்குத் துணி ஒட்டிய கவரை இன்றும் நான் நம்புகிறேன். ஸ்டேஷனரி கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கிழியாது, மூலை வெடிக்காது. பபுள் ரேப் உள்ளே ஒட்டிய கவரும் நல்லதுதான். கவர் பலகையைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால் உபரியை மடித்து ஒட்டி விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது ஒரு ஓரமாகப் போய் அந்த ஓரத்தில் எல்லா அடியும் விழும். கவரின் முகம் மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக இருக்கட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு, வெளியாட்களுக்குத் தெரியாது. தபாலில் தேதி முத்திரை குத்துவது மரக்கைப்பிடி போட்ட உலோக முத்திரையால். தட்டையான கவரில் ஒரே தட்டில் எழுத்து தெளிவாகப் பதியும். நடுவில் புடைத்திருந்தால் பாதி எழுத்துதான் விழும், குத்துகிறவர் அதே இடத்தில் இன்னும் ஓங்கிக் குத்துவார். அவர் வேலை அது, எழுத்து தெரிந்தாக வேண்டும். வெறும் கவரில் இருக்கும் அட்டையில் அந்தக் குத்து வட்டமாகப் பதிந்து நிற்கும். குறுக்கு நெளிவு அட்டை இருந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது.

பேத்தி பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அவர்கள் சொல்வதை அப்படியே இங்கே செய்ய வேண்டியதில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அங்கே சாதாரணக் கடிதம் இயந்திரத்தில் ஓடிச் சார்ட் ஆகிறது. இரண்டு பெல்ட்டுக்கு நடுவே கவர் வேகமாகப் போய் உருளைகளைச் சுற்றி வளையும். விறைப்பான டாப்லோடர் உள்ளே இருந்தால் வளைய மறுத்துக் கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் கடிதக் கட்டணத்தில் போக வேண்டும் என்றால் கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் கூடாது, வளையாத கவருக்குக் கூடுதல் கட்டணம். ஈபே 2021இல் அட்டைகளுக்கென்றே ஒரு மலிவான கவர் சேவை தொடங்கியது, அதில் 20 டாலருக்கு மேற்பட்ட அட்டையை அனுப்ப முடியாது, கவர் கொஞ்சமாவது வளைந்து கொடுக்க வேண்டும். அங்கே பேக்கிங்கில் பாதிக் கவலை அந்த இயந்திரத்தைப் பற்றி. நமக்கு முக்கியக் கவலை பையின் எடையும் ஈரமும்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து அட்டைகள் கெடுவதற்கு அதுதான் பெரிய காரணம். பளபளக்கும் ஃபாயில் அட்டையில் ஒரு பக்கம் மெல்லிய உலோகப் பூச்சுள்ள படலம், அதன் பின்னால் காகிதம். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும், படலம் விரியாது. அதனால் அட்டை படம் இருக்கும் பக்கமாகக் குழிந்து, அப்பளம் வெயிலில் காயும்போது ஓரம் தூக்குமே, அப்படித் தூக்கிக்கொள்ளும். வறண்ட ஊருக்குப் போனால் காகிதம் சுருங்கி எதிர்ப்பக்கம் வளையும். நாகப்பட்டினத்தில் ஒரு மாதிரி, பெங்களூரில் ஒரு மாதிரி. ஸ்லீவ் போடாமல் அடுக்கி வைத்த வழுவழுப்பான அட்டைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடுவதும் உண்டு. அப்புறம் பிரித்தால் ஒன்றின் முகம் மற்றதன் முதுகில் உரிந்து வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை நேரத்தில் உட்கார்ந்து பேக் செய்யாதீர்கள். அறையிலுள்ள ஈரக் காற்றையும் சேர்த்துப் பைக்குள் பூட்டியது போலாகும். வெயில் அடித்த பகலில், அல்லது ஏ.சி. ஓடும் அறையில் பேக் செய்யலாம். டாப்லோடருக்கு மேல் ஜிப் பை ஒன்று கட்டாயம். சிலிகா ஜெல் பொட்டலம், செருப்புப் பெட்டியில் வருமே, அது ஒன்றை ஜிப் பையின் ஓரத்தில் போடலாம், அட்டைக்கு நேர் மேலே வைத்தால் அழுத்தும். தபால்காரர் மழையில் போகிறார், பையை மூடத்தான் பார்ப்பார், ஆனாலும் கவர் நனையும். வெளிக்கவர் நனையலாம் என்று ஒத்துக்கொண்டு உள்ளே பாதுகாப்பு செய்வதுதான் முறை.

முகவரியை ஜெல் பேனாவில் எழுதாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், தெருப்பெயர் ஓடிவிடும். பால்பாயிண்ட் பேனா போதும், அல்லது அச்செடுத்து ஒட்டி மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். ஆறு இலக்க பின்கோடை மட்டும் தனித்தனி எண்ணாக, பெரிதாக எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி வந்த ஏற்பாடு அது, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி வடிவமைத்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு எழுத்து என்று இருந்த நாட்டில், முதல் எண்ணைப் பார்த்ததும் எந்த மண்டலம், முதல் மூன்றைப் பார்த்ததும் எந்தச் சார்ட்டிங் மாவட்டம், கடைசி மூன்றில் எந்த விநியோக அஞ்சலகம் என்று தெரிந்துவிடுகிறது. வங்காள எழுத்து படிக்கத் தெரியாத நானும் 7 என்று பார்த்ததும் கிழக்கே போகும் பையில் போட்டுவிடுவேன். அந்த எண் ஒன்று மாறினால் அட்டை இன்னொரு ஊரைச் சுற்றி, இன்னும் இரண்டு பைகளில் ஏறி இறங்கி வரும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் அட்டைக்கு ஒரு பரீட்சை.

பல அட்டைகளைச் சேர்த்து அனுப்பும்போது ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம், பரணிலிருக்கும் யோகோசூனா சாட்சி. ஒவ்வொன்றையும் ஸ்லீவ் போட்டு, அடுக்கி, இரண்டு டாப்லோடர்களுக்கு நடுவே வைத்து டீம் பேக்கில் மூடலாம். அதிகம் என்றால் சின்னப் பெட்டி, மிச்ச இடத்தில் கசக்கிய காகிதம். மதிப்பெண் போட்டுக் கூட்டில் அடைத்த அட்டைக்குக் கவர் போதாது. கூட்டின் மூலைதான் முதலில் தெறிக்கும். பபுள் ரேப் சுற்றி, பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் இடைவெளியை நிரப்ப வேண்டும். பபுள் ரேப்பை 1957இல் நியூஜெர்ஸியில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் செய்து பார்த்தார்களாம். சுவருக்கு எடுபடவில்லை, பார்சலுக்கு வந்து சேர்ந்தது.

ஒற்றை அட்டை, ஸ்லீவ், டாப்லோடர், இரண்டு துண்டு அட்டை, கவர் எல்லாம் சேர்த்து ஒழுங்காகக் கட்டினால் 50 கிராமுக்குள் அடக்கிவிடலாம், விரைவுத் தபாலின் முதல் கட்டணப் படி அதுதான். பெரிய துண்டு அட்டை வெட்டி 51 ஆகிவிட்டால் அடுத்த படிக்குப் போய்விடும், எனவே சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். சிவப்புப் பெட்டியில் போடாதீர்கள். மே மாதத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் கை வைக்க முடியாது. கவுன்ட்டரில் கொடுத்து, 13 எழுத்துள்ள ரசீது எண்ணை வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், முகவரியில் உள்ளவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் பதிவு சேவையையும் சேர்த்துக் கேளுங்கள். விலை அதிகமான அட்டை என்றால் இன்ஷூரன்ஸும் கேளுங்கள். கட்டுவதற்கு முன் அட்டையின் முன்புறம், பின்புறம், நாலு மூலை, எல்லாவற்றையும் படம் எடுத்து, வாங்குகிறவருக்கு அனுப்பிவிட்டுக் கட்டுவது பேத்தியின் பழக்கம். அதில் பிற்பாடு மனக்கசப்பு வர இடமே இல்லை.

இன்னொன்று மட்டும் பாக்கி. வெளிக்கவரில் எழுதிய இரண்டு முகவரிகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அட்டைப் பலகையின்மேல் ஒட்டிவிடுங்கள். கவர் நனைந்து எழுத்து அழிந்தாலும், பை கிழிந்து கவர் போய்விட்டாலும் உள்ளே விலாசம் இருக்கும். யாருக்கும் கொடுக்க முடியாமல், அனுப்பியவர் யாரென்றும் தெரியாமல் நிற்கும் தபாலெல்லாம் கடைசியில் திரும்பிய கடித அலுவலகத்துக்குப் போகும். அங்கே மட்டும் கவரைப் பிரித்து விலாசம் தேடிப் பார்க்க அனுமதி உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இது போக்கிமானா, எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாது. எனவே சீட்டின் ஓரத்தில் டேப்பின் மடித்த நுனியைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டு, ‘இங்கே பிரிக்கவும், உள்ளே அட்டை’ என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதுங்கள். கொல்கத்தா பார்சலுக்கு மூன்றாவது வரியாக வங்காளத்திலும் எழுத வேண்டும் என்றாள் பேத்தி. அங்கே இருக்கும் அந்தப் பிள்ளையிடமே எழுத்தைக் கேட்டு, போனில் பார்த்து, நிதானமாக வரைந்து முடித்தாள்.